உமிக்கு வரி இல்லை

ஆரம்பாக்கம் சோதனைச் சாவடியில் எனக்கு இரவுப் பணி.
அந்தப் பக்கத்து அரிசி இந்தப் பக்கம் வரக் கூடாது.
தவிடு வரலாம், சீட்டு இருந்தால்.
உமிக்குச் சீட்டும் வேண்டாம், வரியும் இல்லை.
மனிதர்களை எழுதச் சொல்லி உத்தரவில்லை.
ஆனாலும் எழுதினேன், பத்தேகால் மணிக்கு, தினமும்:
சோணாசலம், உமி, ஒரு சாக்கு.

தடா ஆலையில் கொதிகலனுக்கு உமி தள்ளுகிறவர்.
அறுபத்து நாலில் கப்பலில் வந்தவர்.
ஒரு புயல் இரவில் சாவடிக்குள் ஒதுங்கியபோது சொன்னார்:
"ரங்கூனில் என் பேர் ஊ சோ நியூன்.
சோணாசலத்தை அவர்கள் வாய் அப்படி மடித்தது.
பிரித்துப் பார்க்கவில்லை. அந்தப் பேரிலேயே ஜெயித்தேன்."
எதில்?
"எலெக்‌ஷனில். தலா தொகுதி.
நானூற்றுப் பதினோரு ஓட்டு வித்தியாசம்."
பதினேழு அரிசி ஆலைக்கு ஒரே சங்கம்,
பார்லிமென்டில் நாலு வருஷம், இன்சீன் சிறையில் இரண்டு.
"சோறு ஒரே ஆலையில் அரைத்ததுதான். தட்டுதான் வேறே."

நான் நம்பவில்லை.
புயலில் யாரும் எதையும் சொல்வார்கள்.

அறுபத்தேழு ஆவணியில் ஆலை நின்றது.
மூட்டைக்கு இரண்டு பைசா கூடக் கேட்டார்கள் நம் ஆட்கள்.
முதலாளி நாயுடுபேட்டையிலிருந்து நாற்பது பேரை
லாரியில் கொண்டுவந்து இறக்கினார்.
அன்று ராத்திரி என் கட்டைக்கு இந்தப் பக்கம்
தசரதன், கன்னியப்பன், இன்னும் முப்பது பேர்,
ஆளுக்கொரு மூட்டைக் கொக்கி.
"தூக்குங்க சார் கட்டையை."

பத்தேகால்.
அந்தப் பக்கத்திலிருந்து சாக்கோடு வந்தவர்
கட்டைக்கு அடியில் அதை இறக்கி வைத்து
அதன் மேலேயே உட்கார்ந்தார்.
மேடைப் பேச்சில்லை. பீடி கேட்கிற குரல்.

"முப்பதாம் வருஷம், மே மாதம். எனக்குப் பன்னிரண்டு வயசு.
துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலையை நிறுத்தினார்கள்.
கப்பல்காரன் பர்மாக்காரர்களைக் கொண்டுவந்தான்.
பேச்சு முடிந்ததும் அவர்களைப் போ என்றான்.
போகிறவனும் வருகிறவனும் படித்துறையில் எதிர்ப்பட்டார்கள்.
இரண்டு பேர் கையிலும் இதே கொக்கி.
என் அப்பா அந்தக் கூலிகளோடு நின்றவர்.
அம்மா பர்மாக்காரி. அவள் தம்பி எதிர்ப் பக்கம்.
அப்பாவைத் தேடி வந்ததாக மாமா சொன்னார்.
எதற்குத் தேடினார் என்று நான் கேட்டதில்லை."

கன்னியப்பன்தான் கேட்டான்: கப்பல்காரனுக்கு என்னாச்சு?

"ஒன்றும் ஆகவில்லை.
கப்பல் நேரத்துக்குப் புறப்பட்டது."

பிறகு வடக்கே திரும்பி, தெலுங்கில், பேர் சொல்லிக் கூப்பிட்டார்.
இருட்டிலிருந்து பெஞ்சலய்யா வந்தான், கையை விரித்துக் காட்டியபடி.
"மேமூ கூலீலமே" என்றான்,
யாரோ இல்லை என்று சொல்லிவிட்டதைப் போல.
தசரதன் கொக்கியைக் கீழே போடவில்லை.
இடுப்பில் செருகிக்கொண்டான். அது போதுமாக இருந்தது.

இரண்டு கேட்டதில் ஒன்று கிடைத்தது, பதினோரு நாளில்.
சங்கம்தான் பதிவாகவில்லை.
ஆலை ஆந்திராவில் என்றது பொன்னேரி ஆபீஸ்.
ஆட்கள் மதராசில் என்றது நெல்லூர்.
விண்ணப்பம் என் மேஜையில் இரண்டு நாள் கிடந்தது.
"முன்பு வகித்த பொறுப்புகள்" என்ற இடத்தில்
ஒரு கோடு போட்டிருந்தார், நேராக, ஸ்கேல் வைத்து.

எழுபத்தொன்றில் வாக்குச்சீட்டு எண்ணிய ராத்திரி.
பட்டியலில் அவர் பேர் கிடையாது.
யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவேயில்லை.
"வித்தியாசம் எவ்வளவு?"
தொள்ளாயிரம் இருக்கும் என்றேன்.
"இரண்டு தெரு" என்றார்.
"இன்னும் இரண்டு தெரு நடந்திருக்கலாம், தோற்றவன்."

கட்டை பாதிகூட ஏறவில்லை.
முழுசாக ஏறும்வரை நிற்கிற வழக்கம் அவருக்கில்லை.
குனிந்து போய்விட்டார், சாக்கிலிருந்து உமி சிந்த.